தறிக்கு ஆயிரம் யூனிட்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பெண்ணின் வீட்டு உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அரசு தன் ஏட்டில் எழுதியதைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் தகுதிகளின் பட்டியலில் ஒரு வரி அன்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு உண்டு, கூடவே வீட்டுக்கான மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஏசி ஓடும் வீடுகளை வடிகட்ட விரித்த வலை அது. அதே வலையில், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடும் வீடும் சிக்குகிறது.

கணக்கு எளிது. வீட்டில் வைக்கும் ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுதும் ஓடினால் 8.4 யூனிட். படுத்திருப்பவருக்கு மேலே ஓயாமல் சுற்றும் 75 வாட் மின்விசிறிக்கு 1.8 யூனிட். இரண்டும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 612 யூனிட், ஆண்டுக்கு 3700க்கும் மேல். இன்னும் ஒரு பல்பு போடவில்லை, மிக்சி ஓட்டவில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இந்த 612 யூனிட்டுக்கு 2858 ரூபாய். 500 யூனிட் வரை ஒரு விலை, அதைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கும் சேர்த்து வேறொரு விலை என்பது நம் அட்டவணையின் அமைப்பு. அதன் பிறகும் கட்டணம் ஏறியிருக்கிறது. உரிமைத் தொகை இரண்டு மாதத்துக்கு 2000 ரூபாய். அந்த விதியை அப்படியே வைத்துப் பார்த்தால், இறுதிக்காலத்தில் இருப்பவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் பெண் அந்தத் தொகைக்கே தகுதியற்றவள் ஆகிறாள். வீட்டு உழைப்பின் உச்சமான உழைப்பைச் செய்துகொண்டிருக்கும்போது!

எடப்பாடியில் நின்று பார்க்கும்போது இந்தக் கணக்கு வேறொரு கணக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சந்துக்குச் சந்து விசைத்தறி ஓடும் ஊர் இது. பல வீடுகளில் தறிக்கூடமும் படுக்கையறையும் ஒரே சுவரைப் பகிர்கின்றன. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு மீட்டர், இந்தப்பக்கம் ஒரு மீட்டர். தறி மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். வீட்டு மீட்டருக்கு 100. தறி இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து மூச்சு மெஷினுக்குக் கொடுத்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு.

தறிக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சலுகையில் தார் சுற்றும் பெண்ணின் கூலியும் அடங்கியிருக்கிறது. இவையெல்லாம் எப்படி வந்தன என்பதுதான் நமக்கு வேண்டிய வரலாறு.

மின்சாரம் வருவதற்கு முன் நோயாளியின் தலைமாட்டில் எரிந்தது எண்ணெய் விளக்கு. சேலத்து மேட்டுக்காடுகளில் ஆமணக்கு விளைந்தது. அதன் எண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்றே பெயர். மருந்தும் அதுவே, வெளிச்சமும் அதுவே. காயவைத்து, வறுத்து, இடித்து, காய்ச்சி எடுத்தவள் வீட்டுப் பெண். இரவு விளக்குக்கு ஆன செலவு அவள் தோளில் கழிந்தது. எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது, 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. எடப்பாடிக்கு மேட்டூர் கூப்பிடு தூரம் என்றாலும் கம்பி முதலில் ஆலைகளையும் பெரிய ஊர்களையும் தேடித்தான் போனது. தறிக்குழிகள் விசைத்தறிகளாக மாறியதெல்லாம் பிந்திய கதை.

சலுகைகளின் வரிசையைப் பாருங்கள். பம்புசெட் கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து 1970இல் விவசாயிகள் நாராயணசாமி நாயுடுவோடு தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1972இலும் போயின. 1979இல் குடிசைக்கு ஒரு விளக்கு இலவசமானது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. விசைத்தறிக்கு 2006இல் 500 யூனிட், 2016இல் 750, 2023இல் 1000. கைத்தறிக்கு 2016இல் 200, பிறகு 300. எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் என்பதும் 2016இல்தான். குடிசை விளக்கைத் தவிர்த்துவிட்டால், கட்டணத்தைத் தனியாகக் குறைக்க வைத்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்த முடிந்தவர்கள். தறியை நிறுத்தலாம், பாலைத் தெருவில் ஊற்றலாம், மாட்டுவண்டியை நெடுஞ்சாலையில் குறுக்கே விடலாம். படுத்திருப்பவரால் எதை நிறுத்த முடியும்? அவரைப் பார்த்துக்கொள்பவள் ஒரு மணிநேரம் வெளியே போகவே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 2012இல் மின்வெட்டு பத்து மணிநேரத்தைத் தாண்டியபோது தொழில் நட்டம் கோடிகளில் பேசப்பட்டது. விடிய விடிய விசிறிக்கொண்டிருந்த கைகளுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

இதற்கிடையில் மருத்துவம் வீட்டுக்கு வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வலிதணிப்புப் பராமரிப்பையும் வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளையும் வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடும் வழக்கத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டுக்கு வரும்போது ஆஸ்பத்திரியின் கரண்ட் பில்லும் கூடவே வருகிறது. வார்டில் ஓடிய மின்விசிறிக்கும் வெந்நீருக்கும் ஆக்சிஜனுக்கும் அரசு பணம் கட்டியது. வீட்டில் அதே செலவை இல்லத்தரசி கட்டுகிறாள். காப்பீட்டுத் திட்டம் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். வீட்டு மீட்டர் அதன் கண்ணில் படாது.

அவள் எப்படிக் கட்டுகிறாள்? ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறாள். துணியைக் கையால் துவைக்கிறாள். நோயாளியின் துணி என்றால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. கேஸ் மிச்சமாகட்டும் என்று கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி விறகில் வெந்நீர் போடுகிறாள். நுரையீரல் போனவர் படுத்திருக்கும் வீட்டில் விறகுப் புகை! வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புகைபிடித்தே அறியாத நம் பெண்கள் பலருக்கு மூச்சடைப்பு நோய் வந்தது இந்த அடுப்பிலிருந்துதான். கடைசி வழி, மெஷினையே குறைப்பது. நீண்டகால ஆக்சிஜன் குறைந்தது 15 மணிநேரமாவது வேண்டும் என்பது மருத்துவ விதி. எந்த 15 மணிநேரம் என்பதை அவள் தீர்மானிக்கிறாள். படுத்திருப்பவர் பெண் என்றால் அதற்கும் தேவையில்லை. மருமகள் மீட்டரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இப்பப் பரவாயில்ல கண்ணு, நிறுத்திப்போடு என்று தானே சொல்லிவிடுவார்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. பக்கத்திலிருக்கும் கேரளத்தில், வீட்டில் உயிர்காக்கும் கருவி ஓடும் நோயாளிகளுக்கு அந்தக் கருவி எடுக்கும் மின்சாரத்துக்கு மின்வாரியம் கட்டணம் வாங்குவதில்லை. அரசு மருத்துவரின் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்தாரைத் தொண்டர்களாக்கி வீடு வீடாகப் போனது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே வகுத்தது. ஒரு நோயாளியின் வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேட்பதும் மருத்துவத்தில் சேர்த்தி என்று அவர்கள் பழகியிருந்தார்கள். இங்கிலாந்தில் கான்சென்ட்ரேட்டரைக் கொடுக்கும் நிறுவனமே அது எடுத்த மின்சாரத்துக்கான பணத்தைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நம் அட்டவணையிலோ வீட்டு இணைப்பு யூனிட்டால் மட்டுமே அளக்கப்படுகிறது. ஏசி குடித்ததா, நுரையீரல் குடித்ததா என்று மீட்டருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியது சிறியது. வலிதணிப்புச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது கருவியின் வாட்டையும் மின் இணைப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு போனால், அந்த யூனிட்டுகளை வீட்டுக் கணக்கிலிருந்து கழிக்கலாம். உரிமைத் தொகையின் 3600இலிருந்தும் கழிக்கலாம். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் யூனிட்டைப் பிரித்து எழுதத் தெரிந்த வாரியத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், ஆள் போன பிறகும் ஒரு பில் வரும். வாடகைக்கு எடுத்த மெஷினைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், கட்டிலைப் பிரித்துச் சாய்த்திருப்பார்கள். கருமாதி முடிந்து பந்தற்கால் பிடுங்கிய பிறகு ரீடிங் எடுப்பவர் வந்து மீட்டரைப் பார்த்துப் போவார். 500ஐத் தாண்டிய விலையில் ஒரு தொகை வரும். கருமாதிச் செலவுக்குப் பங்காளிகள் கணக்குப் பார்த்துப் பணம் போட்டிருப்பார்கள். இதற்கு யாரும் போட மாட்டார்கள். தறிக்கூடத்தில் தார் சுற்றி வந்த வாரக் கூலியிலிருந்து அவள்தான் கட்டுவாள்.