குருந்து ஓயாவும் கறுவாவும்

வலப்பனைப் பக்கத்து மலைகளில் இறங்கி மகாவலியில் கலக்கும் ஆற்றின் பெயர் குருந்து ஓயா. தமிழில் குருந்து என்பது வேறு மரம். சிங்களத்தில் அது கறுவா. கரையெங்கும் தேயிலை நிற்க, ஆற்றின் பெயரில் மட்டும் கறுவா மணக்கிறது.

1344இல் இலங்கை வந்த இப்னு பதூதாவின் பயணக் குறிப்பிலும் ஆறும் கறுவாவும் சேர்ந்தே வருகின்றன. ஆரியச் சக்கரவர்த்தியின் பத்தாலாவில் (புத்தளம் என்பர்) வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுகளாகக் குவிந்து கிடந்தனவாம். மஃபர், மலபார் மக்கள் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றார்கள். பதிலுக்கு மன்னனுக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். மகாவலியோ திருகோணமலைப் பக்கம் போவது. ஆகவே வலப்பனைக் கறுவாதான் புத்தளத்தில் ஒதுங்கியது என்று நாம் பெருமைப்பட வழியில்லை.

கறுவாவின் கதையைப் போர்த்துக்கேயரிலிருந்து தொடங்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அவர்கள் வருவதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் முன்பே, 1037இல் மறைந்த இப்னு சீனா தமது 'அல்கானூன்' மருத்துவ நூலின் இரண்டாம் பாகத்தில், தனி மருந்துகளின் வரிசையில் கறுவாவைச் சேர்த்துவிட்டார். அன்பளிப்புக்குக் கிடைத்த பட்டையை ஒல்லாந்தர் தம் ஏகபோகமாக்கினர். மரத்தை அழித்தாலும் களவாக விற்றாலும் மரண தண்டனை. கொழும்பின் கறுவாத்தோட்டம் அவர்கள் காலத்து நினைவு. ஏகபோகம் ஒழிந்தது 1833இல், ஆங்கிலேயர் ஆட்சியில்.

இந்த ஒரே மரத்துக்கு மூன்று மணம் என்பது பலருக்குத் தெரியாது. பட்டை எண்ணெயில் மிகுந்திருப்பது சின்னமல்டிஹைட். நெய்ச்சோற்றில் எழும் வாசனை அதுவே. இலை எண்ணெயில் யூஜினோல். கராம்பிலும் அதுதான், பல்வலிக்கு மரப்பூட்டுவது அதன் குணம். வேர்ப்பட்டையிலோ கற்பூரம். தடிமனுக்குக் கொத்தமல்லியோடும் இஞ்சியோடும் ஒரு துண்டு கறுவாவை அவித்துக் குடிப்பது நம் வீடுகளில் இன்றும் உண்டு. நீரிழிவைத் தீர்க்கும் என்ற பேச்சை மட்டும் ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. உலகச் சந்தையில் கறுவா என்று விற்பனையாவதில் பெரும்பகுதி கேசியா என்னும் இன்னொரு மரத்தின் பட்டை. அதில் கூமரின் அதிகம். நாளும் மிகுதியாகச் சேர்த்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். வாங்கும்போது ஒரு குச்சியைப் பாருங்கள்: நம்முடையது கடதாசிபோல் மெல்லிய பல சுருள்கள், விரலால் நொறுங்கும், கேசியா தடித்த ஒற்றைச் சுருள், எளிதில் உடையாது.