காற்று மாசுக் குறியீடு, கிள்ளான் பள்ளத்தாக்கு

காற்று மாசுக் குறியீடு என்பது காற்றின் தரத்தை ஒரே எண்ணால் மக்களுக்கு அறிவிக்க மலேசியச் சுற்றுச்சூழல் துறை கையாளும் முறை. 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதமானது, அதைத் தாண்டினால் உடலுக்குக் கேடு, 300க்கு மேல் ஆபத்து.

கணக்கீடு: நுண்துகள் இரு வகை, ஓசோன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கந்தக டைஆக்சைடு ஆகிய ஆறுக்கும் தனித்தனியே மதிப்பு கண்டு, அவற்றுள் மிகுந்ததையே அறிவிக்கிறார்கள். நுண்துகள் அளவு 24 மணி நேரச் சராசரி என்பதால், புகை திடீரென அடர்ந்தாலும் எண் மெதுவாகத்தான் ஏறும்.

வரலாறு: இம்முறை 1996இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே சுமாத்திரா, போர்னியோ காட்டுத்தீயின் புகை சூழ்ந்து, கூச்சிங்கில் குறியீடு 800ஐத் தாண்டியது. அந்நகரம் உள்ள சரவாக் மாநிலத்தில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. சுற்றுலா பாதிக்கப்படும் என்று கருதிய அரசு, 1999இல் எண்களை வெளியிடுவதை நிறுத்தியது. கருவிகள் அளந்துகொண்டுதான் இருந்தன. மூச்சிழுத்த மக்களுக்கு மட்டும் அளவு தெரியவில்லை.

2005 ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் புகைமூட்டம் மூடியபோது அந்தத் தடை நீங்கியது. ஆகஸ்ட் 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்ட, பிரதமர் அப்துல்லா அகமது படாவி அங்கே அவசர நிலையை அறிவித்தார். பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. ஏன் மூடினார்கள் என்பதை மக்கள் இம்முறை எண்ணாகவே அறிந்தார்கள்.

இன்றைய பயன்: 2018இல் பிஎம் 2.5 எனும் மிகநுண்துகளும் குறியீட்டில் சேர்ந்தது. இப்போது மணிக்கொரு முறை எண் இணையத்தில் வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருப்பவர் அருகிலுள்ள செராஸ், பெட்டாலிங் ஜெயா அளவீட்டு நிலையங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் திடல் விளையாட்டு நிற்கிறது. 200ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படுகிறது. கிள்ளானை அடுத்த ஜோஹான் செத்தியாவில் எண் அடிக்கடி எகிறியதால்தான், அங்குள்ள மக்கிய சதுப்பு மண்ணில் உள்ளூரிலேயே தீ மூட்டுவதும் கேட்டுக்கு ஒரு காரணம் என்பது பொதுப்பேச்சானது. பழியை அண்டை நாட்டின்மேல் மட்டும் போட முடியவில்லை.

பிற நாடுகள்: பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் தன் கருவியின் அளவுகளை வெளியிட்டது. அது கிளப்பிய விவாதத்துக்குப் பின், 2013 முதல் சீனாவே தன் நகரங்களின் அளவுகளை உடனுக்குடன் வெளியிடலானது. அமெரிக்கா தன் தூதரகங்களின் அளவுகளைப் பகிர்வதை 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அயல்நாட்டின் கருவியை நம்பியிருந்த நகரங்களுக்கு இது பெரும் இழப்பு. சொந்த நிலையங்களும், அவற்றின் எண்களை மறைக்காமல் வெளியிடும் வழக்கமும் ஒரு நாட்டுக்கு இன்றியமையாதவை.