தங்கச் சுரங்கமும் இரண்டு அமினோ அமிலங்களும்

ஆண்டர்சன்பேட்டையை ஒட்டியுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் தங்கத்துக்காக வெட்டப்பட்டது. 1965-இல் அதன் அடியில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா, டர்ஹாம் ஆய்வாளர்களும் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைப் பதிவு செய்தனர். ஒன்றுக்காகத் தோண்டிய குழி மற்றொன்றுக்கு வழிவிட்டது. எங்கள் ஊரார் பெருமையோடு சொல்லும் இச்செய்தி, குறும்பெப்டைடு ஹைட்ரோஜெல்களின் வரலாற்றுக்கும் பொருந்தும்.

சில அமினோ அமிலங்களே கொண்ட பெப்டைடுகள் சில, நீரில் தகுந்த சூழல் அமையும்போது தாமாகவே ஒன்றுசேர்ந்து நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகளும் அரோமாட்டிக் வளையங்களின் அடுக்கமும் அவ்விழைகளைத் தாங்குகின்றன. பின்னிக்கொண்ட இழைவலை நீரைச் சிறைப்பிடிக்கிறது, அதுவே ஹைட்ரோஜெல். அந்த வலைக்குள் வைத்த மருந்து சிறிது சிறிதாக வெளியேறும்.

இத்துறையின் வரலாற்றை வழக்கமாக 1990-களின் தொடக்கத்தில், ஈஸ்ட் புரதமொன்றில் ஷுகுவாங் ஷாங் கண்ட பெப்டைடிலிருந்து தொடங்குவார்கள். அடுத்து 2003: அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதத்திலுள்ள இரட்டை ஃபினைல் அலனின் துண்டு தனியே நானோகுழாய்களாவதை டெல் அவீவில் மெய்தல் ரெக்கஸும் எகுத் காஸித்தும் காட்டினர். இவ்வரலாறு உண்மை, ஆயினும் முழுமையன்று.

1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் பெப்டைடுத் தொடரின் முதுகெலும்பு எவ்வாறெல்லாம் வளையலாம் என்று கணக்கிட்டனர். இரண்டு சுழற்சிக் கோணங்களை அச்சுகளாகக் கொண்ட அவ்வரைபடத்தின் பெரும்பகுதி, அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதால் விலக்கப்பட்ட நிலம். மருந்து விநியோகம் அவர்கள் எண்ணத்தில் இருந்ததில்லை. புரதத்தின் வடிவமே அவர்கள் கேள்வி.

அவ்வரைபடம் அடுத்த தலைமுறைக்கு ஒரு கருவியாயிற்று. அனுமதிக்கப்பட்ட நிலத்தை மேலும் குறுக்கும் அமினோ அமிலத்தைச் சேர்த்தால், பெப்டைடின் வடிவத்தை நாமே தீர்மானிக்கலாம் அல்லவா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் குழுவினர் ஆல்ஃபா-அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலத்தைக் கொண்டும், புது தில்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையத்தில் வி. எஸ். சௌஹான் குழுவினர் இரட்டைப் பிணைப்புள்ள டிஹைட்ரோஃபினைல் அலனினைக் கொண்டும் இவ்வழியில் நெடுங்காலம் உழைத்தனர். 2008-இல் சௌஹான் குழு, அந்த அமிலத்தோடு ஃபினைல் அலனின் இணைந்த இரட்டைப் பெப்டைடு ஹைட்ரோஜெல்லாவதை வெளியிட்டது. இயற்கைப் பெப்டைடுகளை நொதிகள் எளிதில் சிதைத்துவிடும். இதுவோ அவற்றை எதிர்த்து நின்றது. உள்ளே வைத்த மருந்தை மெல்ல வெளியிட்டது. அமிலத்தன்மை, உப்பு ஆகியவற்றின் மாற்றத்துக்கும் இசைந்தது.

டெல் அவீவ் கண்டுபிடிப்பு சென்னையில் பிறந்தது என்று நான் உரிமை கோரவில்லை. அமிலாய்டு நோயை ஆராய்ந்தவர்கள் ஒரு வாயிலாகவும், புரத மடிப்பை ஆராய்ந்தவர்கள் மற்றொரு வாயிலாகவும் ஒரே இடத்துக்கு வந்தனர் என்பதே என் கருத்து. இருவருமே முதலில் தேடியது ஜெல்லை அன்று.

தில்லியின் ஜெல் இன்னும் மருந்தகத்தை எட்டவில்லை. ஆனால் இப்பாதை பயனற்றதன்று. எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட லான்ரியோடைடு என்னும் மருந்து நீரில் தானே நானோகுழாய்களாகி ஜெல்லாகிறது. மருந்தே தன் உறையாவதால், அக்ரோமெகலி நோயாளிக்கு நான்கு வாரங்களுக்கு ஓர் ஊசி போதுமாகிறது.

ஆய்வு முன்மொழிவு எழுதும் மாணவர்களிடம் இன்று முதலில் கேட்கப்படுவது உடனடிப் பயன். 1963-இல் அக்கேள்வியை முன்வைத்திருந்தால் அவ்வரைபடத்துக்கு விடை இருந்திராது. தில்லியின் ஜெல்லுக்கு இன்னும் 45 ஆண்டுகள் இருந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன; இலாபமில்லை என்பது காரணம். இறைப்பு நின்றதும் ஆழங்களில் நீர் நிறைந்தது. அங்கே இனி எவரும் எதையும் தேட முடியாது. அடிப்படை ஆய்வை மூடும்போதும் நிகழ்வது அதுவே.