வாளியில் பிடித்த காற்று

நாற்றம் என்பது பழந்தமிழில் நல்ல சொல். பூவின் மணத்துக்கும் அதுதான் பெயர். இன்றைக்கு அது வசவு. "அவங்க தெருப்பக்கம் போனாலே நாறும்" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளோடுதான் நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தோம். தீண்டாதாரின் குடியிருப்பு ஊருக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்பது கிராமத்தின் எழுதாத சட்டங்களில் ஒன்று என்று அம்பேத்கர் பட்டியல் போட்டிருக்கிறார். திசை பார்த்துத்தான் நம்மை ஒதுக்கினார்கள். நம் உடம்பு நாறுகிறது என்று சொல்ல அவர்களுக்கு மூக்கு இருந்தது. நம்முடைய மூக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

தங்கள் மூக்கு அறிந்ததைச் சாட்சியமாக ஏற்க வைக்க ஒரு கறுப்பர் குடியிருப்பு நடத்திய சண்டையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நார்கோ என்று ஓர் ஊர். ஊர்ப் பெயரே கம்பெனிப் பெயர். நியூ ஆர்லியன்ஸ் ரிஃபைனிங் கம்பெனி என்பதன் சுருக்கம். அந்த ஊரின் ஓரத்தில் டயமண்ட் என்று நான்கு தெருக்கள், முழுக்கக் கறுப்பர்கள். ஒரு பக்கம் ஷெல் கம்பெனியின் ரசாயன ஆலை, மறுபக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. வெள்ளையர் வாழ்ந்த பகுதிக்கும் டயமண்டுக்கும் நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு துண்டு நிலம். ஊரும் சேரியும் என்று நாம் சொன்னால் அவர்களுக்குச் சட்டென்று புரியும். வெள்ளையர் பகுதியில் நிறையப் பேருக்கு ஆலையில் வேலை. காற்று நல்லாத்தான் இருக்கு என்றார்கள். வேலி ஓரத்தில் இருந்தவர்களுக்கு அந்த வேலையும் அரிதாகத்தான் கிடைத்தது.

அந்த மண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1811 ஜனவரியில் அந்த ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் எழுந்தார்கள். அமெரிக்காவில் நடந்த அடிமைக் கிளர்ச்சிகளிலேயே பெரியவற்றில் ஒன்று. அடக்கிய பிறகு தலைகளை வெட்டி ஆற்றங்கரை நெடுகக் கம்புகளில் குத்தி வைத்தார்கள். தோட்டம் போய் ஆலை வந்தது. அடிமைகளின் வழிவந்தவர்கள் அதே மண்ணில் வேலிக்கு வெளியே இருந்தார்கள்.

1973இல் ஆலையின் குழாய் கசிந்து தெருவில் வாயு பரவியது. புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பையனின் இயந்திரத்திலிருந்து பொறி பறந்தது. அவனும், வீட்டுக்குள் இருந்த ஒரு மூதாட்டியும் எரிந்து செத்தார்கள். 1988இல் சுத்திகரிப்பு ஆலை வெடித்து ஏழு தொழிலாளர்கள் மாண்டார்கள். இதெல்லாம் செய்தியில் வந்தது. நாள்தோறும் இறங்கிய காற்று செய்தியில் வரவில்லை. குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு, கண்ணெரிச்சல், நடுராத்திரியில் ஜன்னலை அடைத்துக்கொள்வது – இவை அந்த மக்களின் சொல்லாக மட்டும் இருந்தன. 1990களில் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். நோய் இருந்தது, எந்தப் புகைபோக்கி, எந்த வாயு என்று காட்டத் தாள் இல்லை.

தாள் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இந்த வரலாறு முழுக்க ஓடும் கேள்வி. காற்றில் கலந்த ரசாயனத்தை அளந்து கட்டுப்படுத்தும் முதல் சட்டங்களில் ஒன்று பிரிட்டனின் 1863ஆம் வருஷத்து ஆல்கலி சட்டம். சோடா ஆலைகள் விட்ட ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்கை அடக்கிவிட வேண்டும் என்றது. அதைக் கேட்டு நாடாளுமன்றத்தில் எழுந்தவர் டெர்பி பிரபு. அவருடைய எஸ்டேட் அந்த ஆலைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ரசாயனவியலாளர் முதல் ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். நேர்மையான ஆள், நல்ல விஞ்ஞானி. ஆனால் அளவை அங்கே கொண்டுவந்தது தொழிலாளியின் நெஞ்சு அல்ல, பிரபுக்களின் மரங்கள்.

அமெரிக்க மக்கள் கையில் அளவுகோல் வந்த கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையை எதிர்த்து வழக்காடிய எட்வர்ட் மேஸ்ரி என்ற வக்கீலுக்கு 1995இல் அங்கே வந்த புகையில் உடம்பு கெட்டது. அதிகாரிகளைக் கூப்பிட்டால், கருவியில் ஒன்றும் காட்டவில்லை என்றார்கள். வக்கீலுக்குத் தலை சுற்றினால் உலகம் சுற்றும். ஒரு பொறியாளரை வைத்துக் குறைந்த செலவில் கருவி செய்யச் சொன்னார். அதை இன்னும் எளிதாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனவர் டென்னி லார்சன் என்ற இயக்கக்காரர்.

கருவி என்றால் பெரிசா ஒண்ணுமில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. உள்ளே ரசாயனம் ஒட்டாத டெட்லர் பை. பையின் வாய் மட்டும் குழாய் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறிய உறிஞ்சு இயந்திரத்தால் வெளியே இழுத்தால், பை தானாக விரிந்து வெளிக்காற்றைக் குடிக்கும். சில நிமிஷ வேலை. பையை மூடி, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம், யார் பிடித்தார், யார் கைக்கு மாறியது என்று எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே நீண்ட மெல்லிய குழாய்க்குள் அந்தக் காற்றை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வந்ததை உடைத்துத் துண்டுகளை நிறுத்துப் பார்த்தால் இன்னது என்று சொல்லிவிடலாம், நூறு கோடியில் ஒரு பங்காக இருந்தாலும். அந்த வாயுவைப் பயன்படுத்தும் ஆலை பக்கத்தில் எது, காற்று எங்கிருந்து அடித்தது என்று சேர்த்துப் பார்த்தால் மூலம் தெரியும்.

மூக்கும் லேசுப்பட்டதல்ல. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நூறு கோடியில் சில பங்கு இருக்கும்போதே அது கண்டுபிடிக்கும். ஆனால் அதே வாயு மிக அதிகமானால் மோப்பம் செத்துப்போகும். பென்சீனோ மூக்குக்குத் தெரியாத அளவிலேயே தீங்கு செய்யும். நாற்றமில்லையே என்று சும்மா இருக்கவும் முடியாது. அதனால்தான் வாளி தேவைப்பட்டது.

டயமண்டில் இந்த வாளியைக் கையில் எடுத்தவர் மார்கி ரிச்சர்ட். பள்ளி ஆசிரியை. அவர் வீட்டிலிருந்து ஆலை வேலி 25 அடி. அவரும் மற்ற செயல்பாட்டாளர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஷெல் சுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் நச்சு ரசாயனங்களைக் காற்றில் விடுவதாகச் சொன்னது. நெதர்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டுக்கு நார்கோவின் காற்றை ஒரு பையில் கொண்டுபோய், கம்பெனி அதிகாரியிடம் நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார். இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கம்பெனியும் மாநில அதிகாரிகளும் சொன்ன பதில் நாம் கவனிக்க வேண்டியது. வாளியில் பிடித்தது சில நிமிஷக் காற்று, சட்டத்தின் அளவு எட்டு மணி நேரச் சராசரிக்கோ ஆண்டுச் சராசரிக்கோ தான், இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்றார்கள். அறிவியலாகப் பார்த்தால் பொய்யில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரவு ஒரு மணி நேரம் 24 பங்கு நஞ்சு இறங்குகிறது, மீதி 23 மணி நேரம் ஒன்றுமில்லை என்றால், நாள் சராசரி வெறும் ஒரு பங்கு. தாளில் காற்று சுத்தம். அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறிய குழந்தை சராசரியாகவா திணறியது? எதைச் சராசரியாக்குவது, எத்தனை மணிக்குப் பிரிப்பது என்பதை அளவுகோல் வைத்திருப்பவன் முடிவு செய்கிறான். சாதி வன்முறையை மாவட்டப் புள்ளிவிவரமாக மாற்றிக் கரைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை.

2002இல் ஷெல் இறங்கி வந்தது. நான்கு தெருக்காரர்களுக்கும் வீட்டுக்கு விலை கொடுத்து இடம்பெயர உதவ ஒத்துக்கொண்டது, வெளியேற்றத்தை நூற்றுக்கு 30 குறைக்கவும் உறுதி சொன்னது. 2004இல் மார்கி ரிச்சர்டுக்கு கோல்ட்மேன் பரிசு. வெற்றிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக இருந்த தெரு கலைந்தது. ஆலை அங்கேயே இருந்தது.

அதே 2004இல் அந்த வாளி கடலூருக்கு வந்தது. உப்பனாற்றங்கரையில் 1980களில் எழுந்த சிப்காட்டைச் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி போன்ற ஊர்களின் மக்கள் நாற்றத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சலித்திருந்தார்கள். புகார் கொடுத்தால் ஆள் வருவதற்குள் காற்று திரும்பிவிடும். 2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் விசாரித்தது. பிறகு ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்தார்கள். எந்த நேரம், என்ன நாற்றம், எந்தப் பக்கக் காற்று, உடம்புக்கு என்ன செய்தது என்று நோட்டில் எழுதினார்கள். நாற்றம் முற்றியபோது வாளியில் பிடித்தார்கள். அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போன பைகளில் 22 நச்சு ரசாயனங்கள் தெரிந்தன. அவற்றில் எட்டு புற்றுநோய் உண்டாக்குபவை. பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர்கள் எழுதிய நோட்டும், விலை உயர்ந்த கருவியும் ஒரே பேச்சைப் பேசின.

அந்தச் சமயத்தில் இந்த வாயுக்கள் பலவற்றுக்கு இந்தியாவில் சுற்றுக்காற்றுக்கான வரம்பே கிடையாது. மீறியதாகச் சொல்ல ஒரு கோடு வேண்டுமே, அந்தக் கோடே போடப்படவில்லை. 2009 நவம்பரில் தேசியக் காற்றுத் தர அளவுகளைத் திருத்தியபோது பென்சீனைச் சேர்த்தார்கள். ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி. அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை.