நாட்டச் சோதனைக்கும் அடைவுச் சோதனைக்கும் இடையில்: மைசூருவை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பி.யு.சி.யில் எந்தப் பாடத்தொகுதியை எடுப்பது என்று கேட்டு வரும் மாணவரைப் பற்றி ஆலோசகரிடம் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். அடைவுத் தேர்வு கற்றதைக் காட்டுகிறது, நாட்டச் சோதனை கற்க இயல்வதைக் காட்டுகிறது என்று கொண்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ‘வெளிப்படாத திறமை’ என்றோ ‘முயற்சிக் குறைவு’ என்றோ வாசிப்பது வழக்கம். இவ்வாசிப்பு வலுவற்றது, வேறுபாடு விசாரணையைத் தொடங்கி வைக்கலாம், தீர்ப்பாக முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மைசூருப் பல்கலைக்கழகத்தில் 1924இல் தொடங்கிய உளவியல் துறைக்குத் தலைமையேற்ற எம்.வி. கோபாலசுவாமி, லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்றவர். மேற்கத்திய நுண்ணறிவுச் சோதனைகளை இந்தியச் சூழலுக்குத் தகவமைத்த முன்னோடிகளுள் ஒருவர். ஸ்பியர்மன் 1904இல் பொதுத்திறன் கோட்பாட்டை முன்வைத்தபோது கையாண்ட சான்றுகளுள் மாணவர்கள் பள்ளிப் பாடங்களில் பெற்ற தரநிலைகளும் அடங்கும். திறன் என்ற கருத்தே ஒரு பகுதி அடைவிலிருந்து உய்த்துணரப்பட்டதுதான். இருவகைச் சோதனைகளும் கற்று வளர்ந்த திறன்களையே அளக்கின்றன என்று ஆன் அனஸ்தாசி பின்னர் வாதிட்டார். அவ்வாறாயின் அவை பிரிவது பயன்பாட்டில்தான்: ஒன்று கடந்த கல்வியை மதிப்பிடுகிறது, மற்றொன்று வரும் கல்வியை முன்கணிக்கிறது.

வேறுபாட்டைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது என்பதை அளவீட்டுப் பிழையும் வலியுறுத்துகிறது. சராசரி 50, திட்டவிலக்கம் 10, நம்பகக் கெழு 0.84 எனில் ஒரு மதிப்பெண்ணின் திட்டப்பிழை 4. இத்தகைய இரு மதிப்பெண்களின் வேறுபாட்டுக்கோ அது ஏறத்தாழ 5.7. ஆகவே 95 விழுக்காட்டு உறுதிக்கு வேறுபாடு 11 புள்ளிகளையாவது தாண்டவேண்டும். நாட்டத்தில் 58, அடைவில் 50 பெற்றவரை ‘திறமையிருந்தும் உழைக்காதவர்’ என்பதற்கு இங்கே ஆதாரமில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் 625க்குப் பெற்ற தேர்வு மதிப்பெண்ணை ஒரே ஒப்பீட்டுக் குழுவின் அளவுகோலுக்கு மாற்றாமல் இக்கணக்கையே தொடங்க முடியாது.

மொழி இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழோ உருதுவோ, தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என வளரும் மைசூரு மாணவர், ஆங்கிலத்தில் அமைந்த சொல்லாற்றல் பகுதியில் பின்தங்கினால் அது பகுத்தறியும் ஆற்றலின் குறையா, மொழிப் பழக்கத்தின் குறையா என்பதை அந்த எண் சொல்லாது. வி.வி. காமத் தார்வாரில் பினே நுண்ணறிவுச் சோதனையைக் கன்னடத்திலும் மராத்தியிலும் தரப்படுத்தியதன் பாடம் இதுவே: வினாக்களை மொழிபெயர்த்தால் போதாது, அம்மொழிக் குழந்தைகளிடமிருந்தே ஒப்பளவுகளையும் பெறவேண்டும்.

இத்தனை ஐயம் இருக்கையில் சோதனைகளைக் கைவிட்டு ஆலோசகரின் அனுபவத்தை நம்பலாமே என்ற மறுப்பு எழலாம். ஆனால் பால், சாதி, குடும்பப் பின்னணி பற்றிய முன்முடிவுகள் அனுபவத்துக்குள் எளிதில் ஒளிந்துகொள்ளும். ஆசிரியர் குறைத்து மதிப்பிட்ட மாணவியை மறுபடி பார்க்கச் செய்வது பலவேளை ஒரு சோதனை மதிப்பெண்தான்.

எனவே மாற வேண்டியது வாசிப்பு முறை. மதிப்பெண்ணைப் புள்ளியாக அன்றி வீச்சாகக் கூறவேண்டும். சோதனையின் மொழியைக் குறிக்கவேண்டும். மாணவரின் ஆர்வத்தையும் வீட்டுச் சூழலையும் சேர்த்து எடைபோடவேண்டும். எல்லா முடிவுகளுக்கும் ஒரே அளவு ஆதாரம் போதும் என்பதும் தவறு. பி.யு.சி.யில் கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் பெரும்பாலும் எட்டாததாகிவிடுகிறது. ஒரு வழியைத் திறந்து வைக்கச் சொல்வதற்குத் தேவைப்படுவதைவிட, அதை மூடச் சொல்வதற்கு வலுவான சான்று வேண்டும்.