கிளைவுக்குக் கிடைத்த டிப்ஸ்

சிறுசேரியில் வேலை பார்த்துக்கொண்டு கோவளம் போய் மீன் சாப்பிடாமல் இருப்பது கஷ்டம். சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் சோம்பு வருமே, அதன் பக்கத்தில் நாம் வைக்கிற காசைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "நல்லா கவனிச்சா வை, இல்லேன்னா வைக்காத. இதுல என்னடா ஹிஸ்டரி?" என்றான் நண்பன். இருக்கு மக்களே, கோவளத்திலேயே இருக்கு.

இப்போது தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் இருக்கிற பக்கம் 18ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டை இருந்தது. ஆற்காடு நவாப் காலத்துக் கோட்டை, பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1752இல் அதைப் பிடித்தவர் ராபர்ட் கிளைவ். பிடித்த பிறகு கோட்டையைத் தகர்த்தும் விட்டார்கள். இந்தக் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர், அதாவது குமாஸ்தா. சம்பளம் வருஷத்துக்கு 5 பவுண்டு. (நம்ம கேம்பஸ் ஆஃபரே தேவலாம்.)

ஐந்து பவுண்டில் யாரும் குடும்பம் நடத்த முடியாது என்பது கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும். 'சம்பளம் கம்மி, மிச்சத்தை நீயே பார்த்துக்கோ' என்பதுதான் ஏற்பாடு. மிச்சம் என்பது சொந்த வியாபாரம், அப்புறம் அன்பளிப்பு. 1757இல் பிளாசிப் போர் முடிந்ததும் மீர் ஜாஃபரிடமிருந்து கிளைவுக்கு வந்த அன்பளிப்பு 2,34,000 பவுண்டு. சர்வீஸ் அப்படி! 1773இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இதைத் தோண்டியபோது, இவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்டோமே என்று தனக்கே வியப்பாக இருப்பதாகச் சொன்னார் மனுஷன். தமாஷ் என்னவென்றால், 1765இல் கம்பெனி ஆட்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கியதும் இதே கிளைவ்தான்.

சர்வரையும் கிளைவையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்வது முதலாளியின் கணக்கைப் பற்றி. சம்பளத்தில் ஒரு பகுதியை அடுத்தவன் பாக்கெட்டிலிருந்து வரவழைக்கிற கணக்கு அது. அமெரிக்காவில் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை. அங்கே ஆன்சைட் போன நம்மாட்கள், சாப்பாடு சகிக்கலைன்னாலும் 15, 20 சதவீதம் வைத்துவிட்டு வருவார்கள். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின், சேவையின் தரத்துக்கும் டிப்ஸுக்கும் என்ன தொடர்பு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். டிப்ஸ் கூடுவது குறைவதில் சேவைத் தரத்தின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு! நண்பனின் தியரி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

நம்ம ஊரில் இது கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் தொழிலாளர் வழக்கில், டிப்ஸைச் சம்பளக் கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வி 1976இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் ஒத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் மனசார கொடுப்பதை நிர்வாகம் கொடுத்த சம்பளமாக எப்படிக் கணக்கு வைப்பது? 2016இல் ஐ.டி.சி. வழக்கிலும் அதே தடம்தான். கார்டில் வந்த டிப்ஸை ஓட்டலே வசூலித்து ஊழியருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகாது, அதில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு.

டிப்ஸ் முதலாளியுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அப்போ அதையே பில்லில் ஒரு வரியாகப் போட்டுவிட்டால்? அதுதான் சேவைக் கட்டணம். போன வருஷம் கோவளத்தில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) 10 சதவீதம் போட்டு, அதற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். பரிமாறியவரிடம், "அண்ணா, இது உங்களுக்கு வருமா?" என்றேன். "எவ்ளோ வருதுன்னு எங்களுக்குத் தெரியாது சார்" என்றார், கல்லாப் பக்கம் பார்த்துக்கொண்டே. எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். அதில் பாதியை அண்ணன் கையில் கொடுத்தேன்.

எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. இது விருப்பப்பட்டால் தருவது என்று மத்திய அரசு 2017 ஏப்ரலில் சொன்னது. பில்லில் தானாகச் சேர்க்கவே கூடாது என்று 2022 ஜூலை 4இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 மார்ச் 28இல் அந்த நீதிமன்றமே ஆணையம் சொன்னது சரி என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட ஓட்டல் சங்கங்கள் இரண்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

சங்கங்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சோம்புக் கிண்ணத்துக் காசு பரிமாறியவரோடு நின்றுவிடும். சேவைக் கட்டணம் என்றால் எல்லோருக்கும் பிரிக்கலாம் என்பார்கள். பிரித்துக் கொடுத்தால் சரி. ஆனால் அதை எழுதிக் காட்டுகிற பில் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. வஞ்சிரம் வறுத்த மாஸ்டர் உள்ளே புகையில் நிற்கிறார், இலை எடுக்கிற பையன் பின்வாசலில் நிற்கிறான். நான் வைக்கிற இருபது ரூபாய் அவர்கள் வரைக்கும் போகிறதா என்று அடுத்த தடவை அண்ணனிடம் கேட்கணும்.