வடகடலில் எரிந்த விளக்குகள்

இராக்காலத்திற் கடலில் நிற்கும் சிறு மீன்பிடி படகுக்கு விளக்கே வாய். வலை நீரில் இறங்கியிருக்கும் வேளையில் அது விரைந்து ஓடவோ, நினைத்த பக்கம் திரும்பவோ இயலாது. ஆகையால், தன் இருப்பையும் தன் தொழிலையும் தொலைவில் வரும் பெருங்கப்பலுக்கு அது முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். எந்த நிறத்தில், எத்தனை விளக்கால் அதனை அறிவிப்பது என்று கடலோடும் நாடுகள் ஒருமித்துத் தீர்மானிப்பதற்கு நூறாண்டுக்கு மேல் சென்றது.

1848ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் நீராவிக் கப்பல்களுக்கு விளக்கு முறையொன்றை விதித்தனர். பாய்மரத்தில் வெள்ளை, வலப்பக்கத்திற் பச்சை, இடப்பக்கத்திற் சிவப்பு என்பதே அம்முறை. 1858இல் பாய்க்கப்பல்களும் பக்க விளக்குகளை ஏந்தலாயின. மீனவருக்கோ 1863ஆம் ஆண்டு விதிகள் சலுகை காட்டின. வலையோடு பிணைந்து அசையாது நிற்கும் படகு ஒரு வெள்ளை விளக்கைக் காட்டினாற் போதும். அலை தெறிக்கும் திறந்த வள்ளத்திலே மூன்று நிற விளக்குகளை அணையாமற் காப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கடற்றொழில் அறிந்தோர் உணர்வர்.

பின்னர் நீராவி இழுவைப் படகுகள் தோன்றின. இவை நில்லாது நகர்ந்துகொண்டே வலையை இழுப்பவை. எனவே ஒற்றை வெள்ளை விளக்கு இவற்றுக்குப் பொருந்தவில்லை. 1880களின் நடுவில் இவற்றுக்கென மூவண்ண விளக்கொன்று விதிக்கப்பட்டது. ஒரே கூட்டில் முன்புறம் வெள்ளையும், வலத்தே பச்சையும், இடத்தே சிவப்பும் தோன்றும்; அதன் கீழே எத்திசையினின்றும் தெரியும் வெள்ளை விளக்கொன்று எரியும். இத்தகைய விளக்குகளை ஏந்திய படகுகளே 1904இல் பெருந்துயரொன்றுக்கு இலக்காயின.

அவ்வாண்டு ருஷியாவுக்கும் யப்பானுக்கும் போர் மூண்டிருந்தது. கீழ்த்திசைக் கடலை நோக்கிப் புறப்பட்ட ருஷியக் கப்பற்படை, அட்மிரல் ரொஜெஸ்ட்வென்ஸ்கியின் தலைமையில் வடகடல் வழியே வந்தது. யப்பானின் டோர்ப்பீடோப் படகுகள் வழியிற் பதுங்கியிருப்பதாக வதந்திகள் உலாவின. பின்தங்கி வந்த கம்சத்கா என்னும் கப்பலோ தன்னை அப்படகுகள் தாக்குவதாகக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியது. உண்மையில் அது சுவீடன் நாட்டுக் கப்பலொன்றின்மீதே சுட்டிருந்தது. அச்சம் ஏறிய கண்ணுக்கு அலையெல்லாம் பகையாகத் தோன்றும் அன்றோ!

அக்டோபர் 21ஆந் திகதி நள்ளிரவு கடந்து, டொகர் மணற்றிட்டுப் பகுதியில், ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த ஏறக்குறைய முப்பது இழுவைப் படகுகள் தொழில் செய்துகொண்டிருந்தன. மீனவர் தம் கூட்டத்தின் தலைவரையும் ‘அட்மிரல்’ என்றே அழைப்பது அக்கால வழக்கம். அந்த மீனவ அட்மிரல், வலப்புறமாக வலையிழுக்குமாறு தம்மவர்க்குப் பச்சை வாணமொன்றை ஏவி அறிவித்தார். போர்க்கப்பலிலிருந்த அட்மிரலின் ஆட்களுக்கு அதே வாணம் ஐயத்தைக் கிளப்பிற்று. சற்று நேரத்திற் பீரங்கிகள் முழங்கின.

பத்துப் பன்னிரண்டு நிமிட நேரம் குண்டுகள் பொழிந்தன. தேடொளி தம்மேல் விழுந்தபோது மீனவர் சிலர் தாம் பிடித்த மீன்களை உயர்த்திக் காட்டினர் என்பர். விளக்கின் மொழி பயன்படாத இடத்தில் அவர்களுக்கு எஞ்சிய சான்று அதுவே. வலை நீரில் இருந்தமையால் விரைந்து தப்பவும் வழியில்லை. கிரேன் என்னும் படகு மூழ்கியது, இருவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர். ருஷியக் கப்பல்களான அவ்ரோராவும் டிமித்ரி டொன்ஸ்கோயும் தம்மவரின் குண்டுகளையே ஏற்றன. படையோ நின்று உதவாமலே சென்றது.

இங்கிலாந்து கொதித்தெழுந்தது, இரு வல்லரசுகளும் போரின் விளிம்புக்கு வந்தன. எனினும், 1899ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் வழி, ஐந்து நாட்டு அட்மிரல்கள் கொண்ட ஆணைக்குழுவொன்று பாரிஸ் நகரிற் கூடியது. 1905 பெப்ரவரியில் அது தன் அறிக்கையை வெளியிட்டது. படகுகள் விதிப்படியான விளக்குகளை ஏந்தியே வழக்கம்போல் வலையிழுத்தன. பகைச் செயல் எதுவும் செய்யவில்லை. அங்கே டோர்ப்பீடோப் படகு இருக்கவில்லை என்றும், சுட்டது நியாயமன்று என்றும் பெரும்பான்மையோர் கருதினர். ஆயினும் ருஷிய அட்மிரலின் போர்த்திறனுக்கோ மனிதத் தன்மைக்கோ இதனால் இழுக்கில்லை என்றும் அவ்வறிக்கை சேர்த்துக்கொண்டது. மாண்ட மீனவரின் வீட்டார்க்கு இவ்வாசகம் எவ்வாறு ஒலித்திருக்கும்! ருஷியா 66,000 பவுண் நட்டஈடு செலுத்தியது.

மூவண்ண விளக்கு அதன் பின்னும் பல ஆண்டுகள் வழங்கிற்று. ஆனால் அதன் பச்சையும் சிவப்பும் சாதாரண நீராவிக் கப்பலின் நிறங்களே. அவை மீன்பிடித் தொழிலைத் தனித்துக் காட்டவில்லை. 1960ஆம் ஆண்டு விதிகளே தெளிவைத் தந்தன. இழுவைப் படகுக்கு மேலே பச்சை, கீழே வெள்ளை. ஏனைய மீன்பிடி படகுகளுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இவையெல்லாம் எத்திசைக்கும் தெரிபவை. 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் இம்முறையைத் தொடர்ந்தன. இழுவைப் படகல்லாத ஒன்றின் வலை 150 மீற்றருக்கு மேல் நீண்டால், வலையுள்ள திசையிலே மற்றொரு வெள்ளை விளக்கும் வேண்டும். பன்னிரண்டு மீற்றருக்குக் குறைந்த படகின் விளக்குகள் இரண்டு கடல் மைல் தூரமேனும் தெரிதல் வேண்டும்.

பகலுக்குரிய அடையாளம் வேறு. நுனியோடு நுனி பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு கருங்கூம்புகளைப் படகு உயர்த்திக் காட்டும். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது உடுக்கைபோலத் தோன்றும். முன்னாளில் மீனவர் தம் கூடையொன்றையே கட்டித் தூக்கிவிடுவர். மீன் போடும் அதே கூடை! சிறு படகுகளுக்கு அவ்வுரிமை நெடுங்காலம் நிலைத்தது. 1990களில் செய்யப்பட்ட திருத்தத்தோடு அதுவும் நீங்கியது. இப்போது சிறு படகும் கூம்புகளையே ஏற்றுகின்றது.